சின்ன வீடு, பெரிய வேன்
பெரிய ஃப்ளாட்டை விற்றுவிட்டு டீசல் வேனில் ஊர் சுற்ற நினைப்பவர்களுக்குப் புனேவைவிடத் தோதான ஊர் கிடையாது. கணக்குப் போடும்போது மட்டும் மெத்தையை விட்டுவிட்டு இன்ஜினைப் பார்க்கவேண்டும்.

பிள்ளைகள் கடல் தாண்டிப் போய்விட்டார்கள். கோத்ரூட்டிலோ ஔந்திலோ மூன்று படுக்கையறை ஃப்ளாட்டில் இரண்டே பேர். டெல்கோவிலோ (இன்றைய டாட்டா மோட்டார்ஸ்) கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையிலோ முப்பது வருடம் உழைத்து ஓய்வு பெற்ற புனே தமிழர்களுக்கு இந்தக் கட்டத்தில் வழக்கமாக இரண்டு வழிகள். கோவைப் பக்கம் ஒரு முதியோர் குடியிருப்பு. இல்லையென்றால் அதே ஃப்ளாட்டில் டி.வி.யோடு காலட்சேபம். இப்போது மூன்றாவதாக ஒரு யோசனையும் எட்டிப் பார்க்கிறது. ஃப்ளாட்டை விற்பது, தேஹு ரோடு பக்கம் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் ஒதுங்கிக்கொள்வது, மிச்சப் பணத்தில் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி வைத்த டீசல் வேன் ஒன்றை வாங்கிக் கொங்கண் கடற்கரை முதல் கும்பகோணம் வரை இஷ்டப்படி சுற்றுவது.

யோசனை மோசமில்லை. ஆனால் வேன் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பார்ப்பது மெத்தையையும் திரைச்சீலையையும்தான். கால் நீட்டிப் படுக்க முடியுமா, கழிப்பறை உண்டா என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. மெத்தையை எந்தக் கடையிலும் மாற்றிக்கொள்ளலாம். வீடு விற்ற பணத்தைக் காப்பாற்றுவதோ கரைப்பதோ அடியில் இருக்கும் இன்ஜின். அதை யார் பழுது பார்ப்பார்கள், எத்தனை வருடத்துக்கு ஓட்டச் சட்டம் விடும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரியாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒரே ஊரில் பதில் கிடைக்கும் என்பதுதான் புனேக்காரர்களின் அதிர்ஷ்டம். இந்தியாவில் வேன் என்ற சொல்லுக்கு உருவம் கொடுத்ததே இந்த ஊர்தான். 1958-ல் என்.கே. ஃபிரோதியா தொடங்கிய பஜாஜ் டெம்போ நிறுவனம், ஜெர்மனியின் டெம்போ தொழிற்சாலையோடு கைகோத்து முதலில் மூன்று சக்கர வண்டிகள் செய்தது. மகாராஷ்டிரத்தில் இன்றும் சின்னச் சரக்கு வண்டி எதுவானாலும் 'டெம்போ'தான். 1960-களில் தொழிற்சாலை புனேவை ஒட்டிய ஆக்குர்டிக்கு வந்தது. பிறகு வந்தது மெட்டடோர். பள்ளிக்கூடப் பிள்ளைகள், கல்யாண கோஷ்டி, பால் கேன், சினிமா யூனிட் என்று எல்லாவற்றையும் சுமந்த அந்த மூக்கில்லாத வேனைத் தமிழ்நாட்டிலும் ஒரு தலைமுறை மறந்திருக்காது. 1980-களில் மெர்சிடிஸ் பென்ஸ் உரிமத்தோடு டீசல் இன்ஜினும், அதே பத்தாண்டின் பிற்பகுதியில் டிராவலரும் வந்தன. நிறுவனம் 2005-ல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. டிராவலர் தயாராவது மத்தியப் பிரதேசத்தின் பிதாம்பூரில்; தலைமையகம் ஆக்குர்டியில். பெயர் மாறி இத்தனை வருடமாகியும் மதுரையிலும் மங்களூரிலும் அது 'டெம்போ டிராவலர்'தான்.

டிராவலரின் பூர்வீகம் மெர்சிடிஸின் டி-1 என்ற வேன். ஐரோப்பாவில் அதே டி-1-ஐ எடுத்து வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 'ஜேம்ஸ் குக்' என்ற பெயரில் வீட்டு வேன் கட்டி விற்றது. ஆகவே நம் ஊர் சுற்றுலா வேனுக்குள் படுக்கை போடும் எண்ணம் ஒன்றும் விபரீதமானதல்ல. அதன் ஒன்றுவிட்ட சகோதரன் ஏற்கெனவே அந்த வேலையைப் பார்த்திருக்கிறான்.

இனி இன்ஜினுக்கு வருவோம். சந்தையில் இரண்டு வகை. பழைய டீசல், புதிய டீசல். இரண்டுக்கும் நடுவே நிற்பது 2020 ஏப்ரல் 1 என்ற தேதி. அன்றுதான் பி.எஸ். 6 மாசுக் கட்டுப்பாட்டு விதி நாடு முழுவதும் அமலுக்கு வந்தது.

பழைய வண்டிகளில் மிகப் பழையது ஓ.எம். 616 என்ற மெர்சிடிஸ் வழி இன்ஜின். நான்கு சிலிண்டர், 2.4 லிட்டர், கம்ப்யூட்டர் கிடையாது. இதே இன்ஜின் ஓடிய காரான மெர்சிடிஸ் 240-டி உலகெங்கும் டாக்சிக்காரர்களின் செல்லப்பிள்ளை. கிரேக்க நாட்டு டாக்சி டிரைவர் கிரிகோரியோஸ் சாச்சினிடிஸ் தன் 1976 மாடல் காரில் 46 லட்சம் கி.மீ. ஓடி, 2004-ல் அதை மெர்சிடிஸ் மியூசியத்துக்குக் கொடுத்தார். இந்தக் கதையைச் சொல்லி இன்ஜினின் ஆயுளைப் புகழ்கிறவர்கள், வழியில் அவர் பலமுறை இன்ஜின் மாற்றியதைச் சொல்வதில்லை. இரும்பு சாகாவரம் பெற்றதல்ல. கழற்றி மாட்ட வழியிருந்தது, அவ்வளவே.

அந்த வழி புனேயில் இன்னும் இருக்கிறது. நானா பேட்டை வாகன உதிரிபாகங்களுக்கென்றே பெயர் பெற்ற இடம். போசரி, பிம்ப்ரி, சாக்கன் பக்கம் லேத் பட்டறைக்கும் வெல்டிங் பட்டறைக்கும் குறைவில்லை. பழைய இன்ஜினுக்குப் பம்ப்-நாசில் சர்வீஸ் தெரிந்தவர், வால்வு இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்துச் சரிபார்ப்பவர் என்று இரண்டு பேரைத் தெரிந்து வைத்துக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது. மீதிப் பாதியைச் சொந்தக்காரரே பார்த்துக்கொள்ளலாம். டீசல் ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை வடிகட்டுவது, கூலன்ட் அளவு பார்ப்பது, ஃபேன் பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்ப்பது எல்லாம் அறுபது வயதுக்காரர் காலை நடைக்குப் போகும் முன் செய்யக்கூடியவை. டிசம்பர் விடியலில் புனே குளிர் 10 டிகிரிக்கு இறங்கும்போது ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால் முதல் சந்தேகம் க்ளோ பிளக் மீது. புகையும் நிறைய சொல்லும். கறுப்பென்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். நீலமென்றால் ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லையென்றால் டீசல் சரியாக எரியவில்லை அல்லது கூலன்ட் உள்ளே கசிகிறது, ரேடியேட்டரைக் கவனிக்கவேண்டும். வாங்கும்போது இன்ஜினை முன்கூட்டியே சூடாக்கி வைத்திருக்கும் புரோக்கரிடம் 'நாளைக் காலையில் வருகிறேன், அதுவரை சாவியைத் தொடாதே' என்று சொல்லிப் பாருங்கள். முகம் போகிற போக்கிலேயே பாதி தெரிந்துவிடும்.

பழைய டீசலின் சிக்கல் இன்ஜினில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. சொந்த உபயோக வாகனத்துக்குப் பதிவு 15 வருடம். பிறகு தகுதிச் சோதனை முடித்து 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். கார் வகைக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். மகாராஷ்டிரத்தில் 15 வருடம் கடந்த வண்டிக்குப் பசுமை வரி தனி. டில்லிப் பக்கம் போகும் ஆசை இருந்தால் இன்னும் கவனம் தேவை. 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்குத் தலைநகர் வட்டாரத்தில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் விதித்த தடையை உச்ச நீதிமன்றம் 2018-ல் உறுதிசெய்தது. 2025-ல் அதில் மாற்றங்கள் வந்தன. அந்தப் பக்கம் கிளம்பும் முன் அன்றைய நிலையை விசாரித்துக்கொள்வது நல்லது.

அப்படியானால் புது வண்டி? காகிதம் சுத்தம், புகை குறைவு, ஏற்றத்தில் இழுவையும் அதிகம். ஆனால் இதன் சுபாவமே வேறு. காமன் ரெயில் என்ற அமைப்பில் டீசல் ஆயிரம் பாரையும் தாண்டிய அழுத்தத்தில் பீய்ச்சப்படுகிறது. கிராமத்து பங்க்கில் தண்ணீர் கலந்த டீசல் ஒரு டேங்க் போதும், இன்ஜெக்டர்கள் பழுதாகி ஓய்வூதியத்தில் பல மாதங்களை விழுங்கிவிடும். விளக்கு எரிந்தால் கணினியைச் சொருகிப் பார்க்கத் தெரிந்தவர் வேண்டும். சில மாடல்களில் யூரியா கரைசலும் ஊற்றவேண்டும், அது 32.5 சதவீதம் யூரியா கலந்த சுத்த நீர், வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து ஊற்றும் சாமர்த்தியம் இங்கே செல்லாது.

எல்லாவற்றையும்விட முக்கியம் புகைக்குழாயில் இருக்கும் கரி வடிகட்டி. டி.பி.எஃப். என்பார்கள். இன்ஜின் கக்கும் கரித்தூளைப் பிடித்து வைத்துக்கொண்டு அவ்வப்போது சுமார் 600 டிகிரி வெப்பத்தில் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அந்த வெப்பம் வர வண்டி நெடுஞ்சாலையில் இருபது முப்பது நிமிடம் நிற்காமல் ஓடவேண்டும். ஓய்வு பெற்றவர் என்ன செய்கிறார்? வேன் சும்மா நிற்கிறதே என்று வாரம் ஒருமுறை காய்கறி வாங்க லக்ஷ்மி ரோடு வரை எடுத்துப் போகிறார், அல்லது வாசலிலேயே பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறார். பேட்டரிக்கு நல்லது செய்வதாக நினைப்பு. உண்மையில் கரி சேர்கிறதே தவிர எரிவதில்லை. எரிக்க முயன்று பாதியில் நின்றுபோன டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்குகிறது. டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு கூடிக்கொண்டே போனால் அது சந்தோஷப்படும் விஷயமல்ல. ஆயில் நீர்த்துவிட்டது என்று அர்த்தம்.

இதற்கு மருந்து சாலைதான். மாதம் ஒருமுறையாவது சாத்தாரா வரை ஒரு ஓட்டம். போகும் வழியில் கம்பட்கி காட் ஏறும்போது இன்ஜின் நன்றாகச் சூடாகும். திரும்பும் வழியிலும் மலையிறக்கம் உண்டு. பிரேக்கின் நிலை தெரிந்துவிடும். எந்த கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்குவது என்ற பழைய லாரிக்காரர் விதி, சாமான் ஏற்றிய வீட்டு வேனுக்கு அப்படியே பொருந்தும். டீசல் இன்ஜின் பெட்ரோல் இன்ஜின் அளவுக்குத் தானாகப் பிடித்து நிறுத்தாது என்பதால் இங்கே சோம்பல் கூடாது. தாம்ஹினி, வரந்தா போன்ற காட்களில் மழைக்காலத்தில் இந்த வேனோடு போவதை அறவே தவிர்ப்பது நல்லது.

மாதம் ஒரு ஓட்டம்கூட முடியாது, வருடத்துக்கு இரண்டு பயணம்தான் என்பவர்கள் புது டீசல் வேன் வாங்காமலிருப்பதே மேல். மகாராஷ்டிர அரசும் கேரள அரசும் 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கைகளை அறிவித்தன. வாடகைக்கு எடுத்து ஒரு வாரம் இருந்து பார்த்தால் கனவில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று தெரியும். இன்ஜின் கெட்டால் அது வண்டிக்காரர் தலைவலி.

வாங்கியே தீருவேன் என்பவர் அடுத்துப் பார்க்கவேண்டியது சட்டம். கரூரில் பஸ் பாடி கட்டுவதையும் திருச்செங்கோட்டில் லாரி மீது போர்வெல் ரிக் ஏறுவதையும் பார்த்துப் பழகிய நமக்கு ஒரு வேனுக்குள் கட்டில் போடுவது பெரிய விஷயமாகத் தெரியாது. நல்ல தச்சர் ஒருவர், ஒரு வெல்டர், பதினைந்து நாள். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் தந்த விவரங்களிலிருந்து ஆர்.சி. புத்தகம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகச் சொல்லிவிட்டது. ஆர்.சி.யில் 13 இருக்கை என்று இருக்க, உள்ளே இரண்டு இருக்கையும் ஒரு சமையலறையும் இருந்தால் சோதனைச் சாவடியில் பேச்சு நீளும். அதைவிட மோசம், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் கையை விரிக்க அதுவே காரணமாகிவிடும்.

ஒழுங்கான வழியும் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேனைப் போக்குவரத்து அல்லாத வாகனமாக 2004-லேயே மத்திய அரசு வகைப்படுத்திவிட்டது. மோட்டார் கேரவன் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு ஏ.ஐ.எஸ். 124 என்ற தரவிதி உண்டு. அதன்படி சான்று பெற்ற கட்டுநரிடம் வாங்கினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அலைச்சல் குறையும். இத்தகைய சான்றுகளை வழங்கும் அமைப்புகளில் முக்கியமானது 1966 முதல் இயங்கும் இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம், ஏ.ஆர்.ஏ.ஐ. அது இருப்பது கோத்ரூட் மலை மேல். விற்கப்போகும் ஃப்ளாட்டின் பால்கனியிலிருந்தே சிலருக்கு அந்த மலை தெரியும்!

பழைய சுற்றுலா டிராவலரை மலிவாக வாங்கி மாற்ற நினைப்பவர்களுக்கு இன்னொரு படி கூடுதல். அவற்றில் பெரும்பாலானவை மஞ்சள் நம்பர் பிளேட். வாடகை வாகனத்தைச் சொந்த வாகனமாக்க வரி வித்தியாசம், அனுமதிச்சீட்டை ஒப்படைத்தல், புதிய பதிவு என்று வரிசையாக வேலைகள். அதுவும் முடிந்து, தமிழ்நாட்டில் சொந்த ஊரிலேயே வேனோடு தங்கிவிடலாம் என்று தோன்றினால், 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருக்கும் வண்டியை அங்கே மறுபதிவு செய்யவேண்டும். அங்கே மறுபடி வரி. எம்.எச்.-12 எண்ணோடு வருடக்கணக்கில் திருச்சியில் ஓட்டிக்கொண்டிருக்க முடியாது.

உள்ளே என்ன வைப்பது என்பதில் ரசனைக்கு ஏற்ப முடிவெடுக்கலாம், எடையை மட்டும் மறக்காமல். நூறு லிட்டர் தண்ணீர் என்றால் நூறு கிலோ. பிளைவுட் அலமாரி, பேட்டரி, ஏ.சி., ஊறுகாய் ஜாடி உட்பட எல்லாம் ஏற்றியபின் ஒருமுறை எடை மேடையில் ஏற்றிப் பார்த்து, ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையோடு ஒப்பிடவேண்டும். 14.2 கிலோ சமையல் சிலிண்டரை மூடிய வேனுக்குள் வைத்துக்கொண்டு தூங்குவது முட்டாள்தனம். மின் அடுப்பும், இன்ஜின் பேட்டரியைத் தொடாத தனி பேட்டரியும் போதும்.

நிற்கும் வேனுக்கும் சர்வீஸ் உண்டு என்பதைப் பலர் நம்புவதில்லை. கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் ஆயிலை வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்தில் அதையும் மாற்றிவிடவேண்டும். டயரில் பட்டன் குறையாமல் இருக்கலாம், ரப்பர் வயதாகிவிடும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். ஜூனில் தொடங்கும் மழையில் நான்கு மாதம் திறந்தவெளியில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினால் பின் சக்கரத்தின் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது நல்லது. டேங்க்கை நிரப்பி நிறுத்தினால் உள்ளே ஈரம் படிய இடமிருக்காது.

நிறுத்துவது எங்கே என்பது அடுத்த கேள்வி. வீட்டைச் சுருக்கியவர்கள் கடைசியாக யோசிப்பதும் இதைத்தான். ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்குச் சங்கம் தருவது ஒரு கார் அளவு இடம். நிமிர்ந்து நிற்கும்படி உயரம் வைத்து, மேலே சோலார் தகடும் பொருத்திய வேன் இரண்டரை மீட்டரைத் தொடும். தூண்களுக்கு நடுவே உள்ள கார் நிறுத்தத்தின் உத்தரம் பல கட்டடங்களில் அதைவிடத் தாழ்வு. வேனைச் சாலையில் விட்டால் போலீஸ், காலி மனையில் விட்டால் எலி. ஒயரைக் கடிக்கும் எலிக்குப் பி.எஸ். 6 வண்டியில் தீனி அதிகம். ஃப்ளாட்டுக்கு முன்பணம் தருவதற்கு முன் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் உத்தரத்தின் உயரத்தை அளந்துவிடுவது உத்தமம்.

டீசல் செலவு? புனேயிலிருந்து பெங்களூர் வழியாகச் சென்னை சுமார் 1,200 கி.மீ. ஏ.சி. போட்டு லிட்டருக்கு 10 கி.மீ. என்று வைத்தால் 120 லிட்டர். லிட்டர் 90 ரூபாய்க் கணக்கில் போய்ச்சேர 10,800 ரூபாய், சுங்கம் தனி. இந்தப் பணத்தில் இரண்டு பேர் ரயிலில் ஏ.சி. பெட்டியில் போய்த் திரும்பியும் வந்துவிடலாம். பணம் மிச்சம் பிடிக்க வேன் வாங்குவதாக யாராவது சொன்னால் நம்பவேண்டாம். வழியில் பாதாமியில் இரண்டு நாள் நிறுத்திக்கொள்ளலாம், ஹம்பியில் ஒரு வாரம் இருக்கலாம் என்பதற்குத்தான் அந்த விலை.

டிரைவர் உரிமமும் சேர்ந்தே வயதாகிறது. 55 வயதைக் கடந்தவருக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தாகவேண்டும், மருத்துவச் சான்றோடு. கார் ஓட்டும் எல்.எம்.வி. உரிமமே 7,500 கிலோ வரையுள்ள இந்த வேன்களுக்குப் போதும் என்பதை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் மீண்டும் உறுதிப்படுத்தியிருக்கிறது. ஆகவே மனைவியிடமும் அந்த உரிமம் இருந்தால் அவரும் ஓட்டலாம். ஓட்டவும் வேண்டும். ஐயாவுக்குக் கண்புரை ஆபரேஷன் என்றால் பி.எஸ். 6 வேனின் கரி வடிகட்டி மூன்று மாதம் காத்துக்கொண்டிருக்காது.

விற்கும் நாளையும் வாங்கும்போதே நினைக்கவேண்டும். பழைய டிராவலரைத் தேடி வருகிறவர் பெரும்பாலும் ஒரு சுற்றுலா ஏஜென்ட். அவருக்கு வேண்டியது இருக்கைகள். உங்கள் தேக்கு அலமாரிக்கு அவர் ஒரு ரூபாய்கூடத் தரமாட்டார். இன்னொரு ஓய்வு பெற்ற தம்பதி கிடைக்கும்வரை காத்திருக்கலாம், அல்லது ஆர்.சி.யைப் பழையபடி மாற்றி இருக்கைகளைத் திரும்பப் பொருத்தித் தரலாம். அதனால்தான் விவரம் தெரிந்த கட்டுநர்கள் உள்ளே எதையும் வெல்டிங் வைக்காமல் போல்ட் போட்டே முடுக்குகிறார்கள். கழற்றிய பதினோரு இருக்கைகளையும் பிளாஸ்டிக் உறையோடு உங்களிடமே கொடுத்துவிடுவார்கள், பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி. அந்த ஒற்றைப் படுக்கையறை வீட்டில்.